பிடிப்பதும் விடுவதும்: காட்டுப்பாதை பைக் பிரேக் பற்றி வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிறவர்கள் அனுப்பிய பிரேக் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். கடிதத்தை முழுதாகப் படித்தால், பிரேக் சரியாக விடவில்லை என்பதுதான் பல பேருக்கு மூலக் காரணமாக இருக்கிறது. அதனால் அந்த வகைக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

நின்றுகொண்டு ஓட்ட வசதியாக இருக்கட்டும் என்று பின் பிரேக் பெடலை ஒரு விரல் அளவு உயர்த்தி வைத்தேன். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. போன ஞாயிறு கல் பாதையில் இறங்கும்போது பின் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் வண்டியைத் தள்ளக்கூட முடியவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் தானாகவே விட்டுவிடுகிறது. மெக்கானிக் காலிப்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். பின்னே ஏன் இப்படி? — வாசகர், ஏலகிரி

உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாகவே இருக்கலாம். கோளாறு காலிப்பரில் (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) இல்லாமல், நீங்கள் உயர்த்திய பெடலில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் டப்பாவுக்குப் போகும் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று உண்டு. பெடலை முழுதாக விட்டால் பிஸ்டன் அந்தத் துளைக்குப் பின்னால் போய் நிற்கும், துளை திறந்திருக்கும். பிரேக் சூடேறி ஆயில் விரிந்தாலும் மிச்ச ஆயில் அந்த வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். பெடலுக்கு 'பிளே' (பிஸ்டன் நகரும் முன் இருக்கும் வெறும் ஆட்டம்) இல்லாமல் போனால், பெடலையும் பிஸ்டனையும் இணைக்கும் ராட் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டராவது உள்ளே தள்ளியே வைத்திருக்கும். துளை மூடிக்கொள்ளும். அப்புறம் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லை, அது டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடைத் தள்ளுகிறது. பேட் உரசுவதால் சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏற ஆயில் இன்னும் விரிகிறது. சக்கரம் இறுகுவது இப்படித்தான். அரை மணி நேரத்தில் ஆறியதும் ஆயில் சுருங்கி, பிரேக் விட்டுவிடுகிறது. கடைக்கு ஆறின வண்டியைக் கொண்டு போனால் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

பெடல் மேலே வந்து முட்டி நிற்க ஒரு ஸ்டாப்பர் போல்ட் வைத்திருக்கும் வண்டிகளில் இந்தத் தவறு எளிதாக நடக்கும். ஸ்டாப்பரைத் தொடாமல் ராடை மட்டும் நீளமாக்கினால் பெடல் அதே இடத்தில் முட்டி நிற்கும், ராட் மட்டும் பிஸ்டனுக்குள் போய் உட்காரும். எனவே வரிசை முக்கியம். முதலில் ஸ்டாப்பரைத் தளர்த்துங்கள். பிறகு ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருப்பிப் பெடலை வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கடைசியாக, பெடல் நுனியைக் கையால் அழுத்திப் பாருங்கள். பிஸ்டன் நகரத் தொடங்குவதற்கு முன் நுனியில் 3 முதல் 5 மி.மீ. வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். கேடிஎம் எண்டியூரோ (காட்டுப்பாதை) வண்டிகளின் கையேட்டில் இருக்கும் அளவும் இதுவே. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது ராடும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும்.

தனி ஸ்டாப்பர் இல்லாத வண்டிகளில் ராடைத் திருப்பினாலே உயரம் மாறிவிடும், பிளேயும் கெடாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு. விழுந்ததில் பெடல் வளைந்து கிராஷ் கார்டிலோ இன்ஜின் கவரிலோ முட்டுகிறதா, பெடல் திரும்பும் இடத்தில் சேறு காய்ந்து இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

துளை திறந்திருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் ஈரத் துணி போட்டு, பெடலை மிக மெதுவாக, ஒரு சொடுக்கு அளவே அழுத்துங்கள். டப்பாவுக்குள் ஆயிலின் மேல் சின்னக் கொப்பளிப்பு, மீன் வாய் திறந்தது போல ஓர் அலை எழுந்தால் துளை திறந்திருக்கிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அலையே இல்லை என்றால் துளை மூடியிருக்கிறது, அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டாம், ஆயில் கண்ணில் தெறிக்கும்.

வழியில் சக்கரம் இறுகிவிட்டால், ஆற விடுவதே நல்லது. ஆறுமுன் காரணம் கண்டுபிடிக்க விரும்பினால், ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ராடைக் குறுக்கிப் பாருங்கள். சக்கரம் உடனே சுழன்றால் பிளேதான் காரணம். அப்படியும் விடவில்லை என்றால் காலிப்பரின் நிப்பிளை (காற்றையும் ஆயிலையும் வெளியே விடும் சிறு திருகு) துணி சுற்றிக் கால் திருகு திறந்து மூடுங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால் துளை அடைப்பு. அதற்கும் விடாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஆயில் கொதிக்கிற சூட்டில் வரும், கையுறை இல்லாமல் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நின்று ஓட்டும்போது கனமான பூட்ஸின் முனை பெடலில் சாய்ந்தே இருப்பது காலுக்குத் தெரியாது. பிளே சரியாக இருந்தும் பின் டிஸ்க் நீலம் பாய்ந்தால், ஓட்டும் காலைத்தான் பார்க்க வேண்டும்.

கல்லில் சறுக்கி வண்டி வலப்பக்கமாக விழுந்து சில நிமிடம் கிடந்தது. அதிலிருந்து முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. மூன்று முறை ஏர் எடுத்தாயிற்று, அப்படியேதான் இருக்கிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி. — வாசகர், கோயம்புத்தூர்

ஆயில் டப்பாவில் அளவு குறைவாக இருந்திருக்கும். வண்டி படுத்துக் கிடக்கும்போது யாராவது லீவரை அழுத்தியிருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் நேரே காற்று போயிருக்கும். மேலே புகுந்த காற்றைக் கீழே நிப்பிள் வழியாக எடுக்கப் பார்த்ததால்தான் மூன்று முறையும் வீண். காற்று மேலே போகத்தான் பார்க்கும்.

எனவே மேலிருந்து தொடங்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி வையுங்கள். மூடியைத் திறந்து லீவரை ஒரு சென்டிமீட்டருக்குள் படபடவென்று தட்டித் தட்டி விடுங்கள். கடுகு அளவுக் குமிழிகள் டப்பாவுக்குள் எழும்பும். எழும்புவது நிற்கும்வரை செய்யுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகலாம். டியூபை விரலால் கீழிருந்து மேலாகச் சுண்டிக்கொண்டே வந்தால் ஒட்டியிருக்கும் குமிழிகளும் கிளம்பும். மாஸ்டர் சிலிண்டரில் டியூப் சேரும் பேஞ்சோ போல்ட்டின் வளைவில்தான் காற்று ஒளிந்துகொள்ளும். லீவரைப் பிடித்தபடி, துணி சுற்றி, அந்த போல்ட்டை ஒரு பொட்டு தளர்த்தி ஆயில் கசிந்ததும் இறுக்கி, பிறகு லீவரை விடுங்கள்.

அதன்பின் கீழே நிப்பிள். புதிதாகத் திறந்த 'டாட் 4' வகைப் பிரேக் ஆயில் 100 மில்லி போதும். 8 எண் ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன்மேல் நிப்பிளில் தெளிவான டியூபைச் செருகுங்கள். மீன்தொட்டி டியூப் நன்றாகப் பொருந்தும். மறுமுனை கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைக் கால் திருகு திற, லீவர் கைப்பிடியைத் தொடுமுன் மூடு, அப்புறம் லீவரை விடு. இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் வெளியே தள்ளிய காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாலைந்து அழுத்தலுக்கு ஒருமுறை டப்பாவில் ஆயில் நிரப்புங்கள், கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள். சிரிஞ்ச் வைத்து உறிஞ்சும் முறையில் நிப்பிளின் மரை வழியாகக் காற்று கசிந்து முடிவில்லாமல் குமிழி வரும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முடிந்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள். சுமார் 6 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், ரிங் ஸ்பேனரின் நுனியை இரண்டு விரலால் இழுத்தாலே அது வந்துவிடும்.

எல்லாம் முடித்தும் லேசாகப் பஞ்சுபோல் இருந்தால், லீவரை அழுத்தி ரப்பர் டியூபால் கட்டி ஓர் இரவு விடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கி மேலே நகரும், காலையில் அவிழ்த்ததும் டப்பாவுக்குப் போய்விடும்.

அப்படியும் மாறவில்லை என்றால் காற்றைச் சந்தேகிப்பதை நிறுத்துங்கள். லீவரை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் மெல்ல மெல்ல உள்ளே போகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. முதல் அழுத்தம் ஆழமாகப் போய், உடனே இரண்டாவது அழுத்தம் கெட்டியாக இருக்கிறதா, கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி ஆழமா? விழுந்ததில் டிஸ்க் வளைந்தோ வீல் பேரிங் தளர்ந்தோ பேடைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஏபிஎஸ் வண்டியில் ஆயில் டப்பா ஒருமுறை காலியாகிவிட்டால் காற்று, ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் மாடுலேட்டருக்குள் போய்விடலாம். அங்கே போன காற்றை வீட்டில் எடுப்பது கடினம். ஸ்கேனிங் கருவியை மாட்டி உள்ளே இருக்கும் பம்பை ஓடவைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள், ஏர் இருக்கிறது என்று தெரிந்த முன் பிரேக்கோடு மலை ஏறாதீர்கள்.

மழைக்காலத்தில் எஸ்டேட் ரோட்டில் ஓட்டுகிறேன். இரண்டே மாதத்தில் பேட் தேய்ந்துபோகிறது. விலை அதிகமான பேட் போட்டால் தீருமா? — வாசகர், கூடலூர்

ஓரளவு தீரும். வழக்கமாக வரும் ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தம் குறைவு, ஆரம்பப் பிடி இதமாக இருக்கும். சேற்றில் சோப்பு மாதிரிக் கரைந்துபோகும். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் சேற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கும். கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் சற்று அதிகமாகத் தேய்க்கும். உங்கள் பாதைக்குச் சின்டர்டுதான் எங்கள் பரிந்துரை. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், மாற்றும்போது வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

ஆனால் பேடை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். சேறு என்பது தண்ணீரில் குழைத்த மணல், உரசலுக்கென்றே அரைத்த விழுது. அது பிஸ்டனைச் சுற்றிக் காய்ந்தால் பிஸ்டன் திரும்பி உள்ளே போகாது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சதுர ரப்பர் வளையம். அழுத்தும்போது அது முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பொட்டளவு இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் பலம். மெல்லிய சேற்று ஏடு ஒன்று போதும் அதைத் தடுக்க. பிரேக்கைத் தொடாதபோதும் பேட் உரசிக்கொண்டே இருந்தால் எந்தப் பேடும் இரண்டு மாதம்தான்.

மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இதைச் செய்யுங்கள். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், டியூபில் தொங்கக்கூடாது. பேடை எடுத்துவிட்டு லீவரை மிக மெதுவாக அழுத்திப் பிஸ்டனை 3, 4 மி.மீ. மட்டும் வெளியே வரச் செய்யுங்கள். அதற்குமேல் போனால் பிஸ்டன் கழன்று விழுந்துவிடும், அதனால் பக்கத்தில் ஒரு மரத்துண்டைத் தடுப்பாக வையுங்கள். வெளியே தெரியும் பகுதியைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாக, பின்பக்கம்வரை சுற்றித் தேய்யுங்கள். பளபளவென்று ஆனபின் ஒரு சொட்டுப் பிரேக் ஆயில் தடவி, பெருவிரல்களால் உள்ளே தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளுவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்த மணல் ரப்பர் வளையத்தைக் கீறி, அடுத்த மாதம் ஆயில் கசியத் தொடங்கும்.

ஸ்லைடு பின்களை உருவிப் பழைய கிரீஸைத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிகான் கிரீஸை ஒரு மிளகு அளவு தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதி ஸ்லைடு பின் இறுகிவிடும். காலிப்பரைக் கையால் பக்கவாட்டில் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்க வேண்டும். ஒரு பேட் தடிமனாகவும் எதிர்ப்பக்கப் பேட் தகடு தெரியும் அளவுக்கும் தேய்ந்திருந்தால், ஸ்லைடு பின் இறுகிப்போன காலிப்பர் அது.

தேய்மான எல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1 மி.மீ. சேற்றுப் பயணத்துக்குக் கிளம்புமுன் 2 மி.மீ. இருந்தாலே மாற்றிவிடுங்கள், மழையில் ஒரே நாளில் ஒரு மில்லிமீட்டர் போவது உண்டு. பேட் தேயத் தேய ஆயில் டப்பாவில் அளவு இறங்குவது இயல்பு. கசிவு இல்லையென்றால் அதை நிரப்பிக்கொண்டே வராதீர்கள். புதுப் பேட் போட்டுப் பிஸ்டனைத் தள்ளும்போது நிரம்பி வழிந்து டேங்க் பெயின்ட்டை உரித்துவிடும். வழிந்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

புதுப் பேட் மாட்டியதும் வண்டியை நகர்த்தும் முன் லீவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்குங்கள். மறந்தால் முதல் அழுத்தத்தில் பிரேக்கே இருக்காது. பிறகு காலியான ரோட்டில் 40 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், இருபது முப்பது முறை நிதானமாகப் பிடித்து விடுங்கள். இடையிடையே ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிய வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாளிலிருந்து பின் பிரேக் கிறீச்சிடுகிறது, பிடியும் இல்லை. — வாசகர், மதுரை

பளபளப்புக்காக டீசல் தெளித்திருப்பார்கள். அது டிஸ்க்கில் பட்டு, பேட் உறிஞ்சியிருக்கிறது. டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ பிரேக் கிளீனரோ கொண்டு துணி கறுக்காதவரை துடையுங்கள். பேடைத் தட்டையான தரையில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துப் பாருங்கள். ஊறிப்போயிருந்தால் தேய்த்தும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். சூடு காட்டி எரித்தால் எண்ணெய் போய்விடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், பேடைத் தகட்டோடு ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். செயினுக்கு லூப் (எண்ணெய்) அடிக்கும்போது டிஸ்க்கின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். முன் பிரேக்கில் இதே அறிகுறி வந்தால் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீலைப் பாருங்கள். சேறு சீலைக் கிழித்து, ஆயில் ஃபோர்க் வழியே வழிந்து காலிப்பருக்கு வந்திருக்கும். சீலை மாற்றாமல் பேடை மாற்றுவது காசுக்குக் கேடு.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கியபோது பாதியில் பிரேக் போய்விட்டது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டதும் திரும்ப வந்தது. ஆயில் போட்டு மூன்று வருடம் ஆகிறது. — வாசகர், நாமக்கல்

"போய்விட்டது" என்றால் எப்படி? இரண்டு வகை உண்டு, கைக்குத் தெரிந்துவிடும். லீவர் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. லீவர் கைப்பிடிவரை தொளதொளவென்று போய்விட்டது என்றால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. மூன்று வருட ஆயில் என்பதால் உங்களுக்கு இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது 'டாட் 4' ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கான வரையறை 155 டிகிரிதான். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் லீவர் சும்மா போய் உட்காருகிறது. ஆறியதும் திரும்ப வந்ததே என்று விட்டுவிடாதீர்கள், அந்த ஆயில் அடுத்த இறக்கத்தில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். முன்னும் பின்னும் முழுதாக மாற்றுங்கள். ரோட்டு வண்டிக்கு இரண்டு வருடம் என்றால் ஆற்றிலும் சேற்றிலும் இறங்கும் வண்டிக்கு ஒரு வருடம். டப்பா மூடியில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும். 'டாட் 4' எழுதியிருந்தால் 'டாட் 5.1' ஊற்றலாம், அதன் கொதிநிலை 260 டிகிரி. 'டாட் 5' ஊற்றவே கூடாது. பெயர்தான் ஒட்டி வருகிறது, அது சிலிகான், இரண்டும் சேராது. மூடி திறந்து பல மாதம் வைத்த டின்னும் வேண்டாம்.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜினை இழுக்க விடுங்கள். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். விடுகிற அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்க் ஆறுகிறது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வளைந்துவிடும்.

தேரி மணலில் ஏபிஎஸ் ஆன் ஆகி வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கிவிடலாமா? — வாசகர், சாத்தான்குளம்

பிடுங்காதீர்கள். மணலில் சக்கரம் பூட்டிக்கொண்டால் அதன் முன்னால் மணல் குவிந்து ஓர் ஆப்பு போல நின்று வண்டியை நிறுத்த உதவும். ஏபிஎஸ் சக்கரத்தை விட்டு விட்டுச் சுழலவைப்பதால் அந்த ஆப்பு உருவாவதே இல்லை. உங்கள் எரிச்சல் நியாயமானது. அதற்காகத்தான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் பின் ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்க வசதி இருக்கிறது. கேடிஎம் 390 அட்வென்ச்சரில் ஆஃப்-ரோடு நிலை உண்டு. 2023-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் ரோடு, ஆஃப்-ரோடு, ராலி என மூன்று நிலை வைத்தார்கள். பழைய எக்ஸ்பல்ஸில் முன் சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் என்பதால் பின் சக்கரத்தைத் தாராளமாகப் பூட்டலாம். பின்னது பூட்டினால் வால் ஆடும், சமாளித்துவிடலாம். முன்னது பூட்டினால் கண் இமைப்பதற்குள் கீழே கிடப்பீர்கள். அதனால் முன் ஏபிஎஸ் இருக்கட்டும். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம், ஃப்யூஸ் இல்லாமல் ரோட்டில் ஓட்டுவது விதிக்கும் உயிருக்கும் எதிரானது. மணலை விட்டு ரோட்டுக்கு ஏறும்போது ஏபிஎஸ் விளக்கைப் பார்த்துவிட்டே வேகம் எடுங்கள். விளக்கு அணையவே மாட்டேன் என்றால் சக்கரத்தின் சென்சார் முனையிலும் துளை வளையத்திலும் ஒட்டிய மண்ணை முதலில் துடையுங்கள்.

ஹீரோ இம்பல்ஸ் வைத்திருக்கிறேன். பின்னால் டிரம் பிரேக். ஓடையைத் தாண்டினால் பிரேக்கே இல்லை. எவ்வளவு இறுக்கினாலும் பழைய பிடி வரவில்லை. — வாசகர், வால்பாறை

டிரம்முக்குள் போன தண்ணீர் டிஸ்க்கில்போலத் தானாக உதறிப் போகாது. ஓடையை விட்டு ஏறியதும் பெடலை லேசாக அழுத்தியபடி 100 மீட்டர் ஓட்டுங்கள், சூட்டில் காய்ந்துவிடும். காய்ந்தபின்னும் பிடி இல்லை என்றால் உள்ளே வண்டல் தங்கியிருக்கிறது. இறுக்கித் தீராது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றியதும் ஏர் அடிக்காதீர்கள். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம், தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடையுங்கள். ஷூவின் பளபளப்பான மேல்தோலை உப்புத்தாளால் மட்டாக்குங்கள். ஷூவை விரிக்கும் கேம் தண்டை உருவித் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸைப் பூசினதும் தெரியாத அளவுக்குத் தடவுங்கள். மிஞ்சினால் உருகி ஷூவில் வழியும். மாட்டும்போது ஆக்சில் நட்டை இறுக்குமுன் ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் வந்து உட்காரும், பிறகு இறுக்கினால் முழுப் பரப்பும் பிடிக்கும். பலரும் தேடும் அந்தப் "பழைய பிடி" பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. டிரம் பிளேட்டைச் சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடின் நட்டையும் அதன் காட்டர் பின்னையும் மறந்துவிடாதீர்கள். அது கழன்றால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சுழன்று ராடைப் பிய்த்துவிடும்.

பெடல் நுனியில் 20 முதல் 30 மி.மீ. பிளே வையுங்கள். அட்ஜஸ்ட் நட்டின் குழிவான பக்கம், கேம் தண்டைத் திருப்பும் பிரேக் கையின் உருளையில் சரியாக உட்கார வேண்டும், அரை அரைத் திருகாகத்தான் அது உட்காரும். சக்கரத்தைச் சுற்றி உரசல் இல்லை என்று பாருங்கள். செயினை இறுக்கிய ஒவ்வொரு முறையும் சக்கரம் பின்னால் போவதால் பிரேக் தானாக இறுகிவிடும், அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள். பெடலை முழுதாக அழுத்தும்போது பிரேக் கைக்கும் ராடுக்கும் இடையே ஏறத்தாழ செங்கோணம் இருக்க வேண்டும். அதைத் தாண்டி மடங்கினால் மிதிக்கும் பலம் ஷூவுக்குப் போகாது. பிளேட்டில் உள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூவை மாற்றும் நேரம். பிரேக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்புக்குறி சொல்லும் எச்சரிக்கையை அழிக்கும் வேலை அது, செய்யாதீர்கள்.

முன் பிரேக் லீவரை எந்த உயரத்தில் வைப்பது? — வாசகர், ஈரோடு

நின்ற நிலையில் முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே நேர்கோட்டில் வரும்படி வையுங்கள். ரோட்டு நிலையைவிடச் சற்றுக் கீழிறங்கும் அல்லது மட்டமாக வரும். ஆள்காட்டி விரல் ஒன்றே லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும், மற்ற மூன்று விரல் கைப்பிடிக்கு. கிளாம்ப் போல்ட்டைக் கையால் அடித்தால் திரும்பும் அளவுக்கே இறுக்குங்கள். விழும்போது லீவர் ஒடியாமல் சுழன்றுகொள்ளும். லீவரை முழுதாக விட்டால் நுனியில் 3 மி.மீ.யாவது ஆட்டம் இருக்க வேண்டும், ஹேண்ட் கார்டில் எங்கும் முட்டக்கூடாது.

மலைப் பயணத்துக்குப் பிரேக் சம்பந்தமாக என்னென்ன எடுத்துப் போவது? — வாசகர், தேனி

ஒரு செட் பேட், ஒரு லீவர், சீல் உடைக்காத சிறிய 'டாட் 4' டின், 8 எண் ரிங் ஸ்பேனர், ஒரு முழம் தெளிவான டியூப், நாலு கேபிள் டை, பழைய பனியன் துணி. இவை ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும்.

பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்றினால் பேடுகளுக்கு நடுவே ஒரு மரச்சில்லையோ மடித்த அட்டையையோ செருகிவிடுங்கள். யாராவது தெரியாமல் லீவரைத் தொட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொண்டு சக்கரம் உள்ளே போகாது. கேபிள் டை டிஸ்க் பார்க்கவும் உதவும். விழுந்தபின் காலிப்பரில் ஒன்றைக் கட்டி, அதன் வாலை டிஸ்க்கிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நிற்கும்படி வெட்டி, சக்கரத்தைச் சுற்றுங்கள். டிஸ்க் வாலைத் தொட்டும் விலகியும் போனால் வளைந்திருக்கிறது. பல கையேடுகள் அனுமதிக்கும் வளைவு 0.3 மி.மீ. வரைதான், கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வளைவு அதைத் தாண்டியது. லேசாக வளைந்திருந்தால் மெதுவாக ஓட்டி ஊர் சேருங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் லீவரை இரண்டுமுறை அழுத்திப் பேடை அருகே கொண்டுவந்துவிட்டு இறங்குங்கள்.